மேசைக்காலில் கட்டிய ஒயர்

பிரேக் மேடம் என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். எப்போது பார்த்தாலும் பிரேக்கை மிதிப்பாள் போலிருக்கிறது என்று நினைத்தால் தப்பு. பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் கோட்டை விட்டால் இவர் மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். அந்தப் பிரேக் விஷயத்தில் அவளுக்கு ஒரு பிடிவாதம். முடிந்தவரை மிதிக்க மாட்டாள். மிதித்துவிட்டாலோ, அந்த நொடியே "இப்ப நான் மிதிச்சேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவாள்.

அதே டிரைவிங் ஸ்கூலில் இன்னொரு மாஸ்டர் இருந்தார். சத்தமில்லாமல் மிதித்துவிட்டு, "சூப்பரா நிறுத்தினீங்க சார்" என்பார். அவரிடம் கற்றவர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். லைசென்ஸ் டெஸ்டில் சுவரில் போய் முட்டுவார்கள். இவளுக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது.

"அவங்க காதுல பூ சுத்தறீங்க."

"கொஞ்சம் தைரியம் வரட்டுமேன்னுதான் மேடம்."

"அவங்க மிதிக்காத பிரேக்கை நம்பி வர்ற தைரியம் எதுக்கு உதவும்?"

எதற்கு இவ்வளவு கோபம் என்று மாஸ்டருக்குப் புரியாது. அந்தக் கோபத்தின் வேர் ஒரு வீடியோ கேமில் இருந்தது. சிரிக்க வேண்டாம். சொத்துத் தகராறு இருந்தால்தான் ஒரு மனுஷிக்குக் கோபம் வரலாம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது வீட்டில் டிவியோடு இணைக்கிற விளையாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. கேசட்டை எடுத்து, வாயால் ஊதி, செருகி, மேலே ஒரு தட்டுத் தட்டினால் படம் வரும். விளக்குக்காரன் ஒருவன் குகை குகையாகப் போவான். பள்ளம் வந்தால் தாண்டுவான், கல் உருண்டு வந்தால் குனிவான். அவன் தோளுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பறவை பறந்துகொண்டே வரும். பெட்டியோடு இரண்டு ஜாய்ஸ்டிக் வந்திருந்தன. அண்ணன் ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றதைத் தங்கையிடம் நீட்டினான்.

"விளக்குக்காரன் நான். அந்தப் பறவை நீ. பறவை கீழ விழாம பார்த்துக்கணும், என்ன?"

அவளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டாள். விரல் சிவக்கச் சிவக்க அமுக்கினாள். நடுநடுவே "அண்ணா, பள்ளம்! அண்ணா, கல்லு!" என்று எச்சரிக்கையும் செய்தாள். வருஷக்கணக்கில் பறவை ஒரு தடவைகூட விழவில்லை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள் அம்மா டிவி மேசைக்குப் பின்னால் துடைக்கச் சொன்னாள். குனிந்து பார்த்தால், அவளுடைய ஜாய்ஸ்டிக்கின் ஒயர் பெட்டிக்குப் போகவே இல்லை. மேசைக்காலில் முடிச்சுமேல் முடிச்சாகக் கட்டியிருந்தது. அவள் இழுத்தால் கையோடு வந்துவிடக் கூடாதே என்று அவ்வளவு அக்கறையாகக் கட்டியிருந்தான்.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் அண்ணன் கூப்பிட்டதும் போய் உட்கார்ந்தாள். ஆட்டம் முடிந்ததும், "அண்ணா, இன்னிக்கு நான் நல்லா பறந்தேனா?" என்று கேட்டாள். உண்மையைச் சொல்ல அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாள்.

"சூப்பர் பாப்பா," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒயரை மன்னித்திருப்பாள். அந்த 'சூப்பர்'தான் அவளுக்கு இன்றுவரை வலிக்கிறது.

அதன் பிறகும் எல்லாவற்றையும் அண்ணன்தான் பார்த்துக்கொண்டான். அவள் என்ன படிக்க வேண்டும் என்று அண்ணன் தீர்மானித்தான். யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அண்ணன் பேசி முடித்தான். கெட்ட முடிவுகள் என்று சொல்ல முடியாது. கணவர் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் தங்கமான மனிதர். ஆனால் எல்லாம் நல்லபடியாக அமைந்ததற்கு ஊரே அவளைப் பாராட்டியபோது, பறவையைப் பாராட்டுவது போலவே அவளுக்கு இருந்தது. கார் ஓட்டக் கற்றது ஒன்றுதான் அவளாக, யாரையும் கேட்காமல் செய்தது.

அண்ணனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. பழைய கேம் பைத்தியம் மட்டும் தெளியவில்லை. அவனைப் போன்றவர்கள் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குரூப் வைத்துக்கொண்டு தினமும் ஒரு பாட்டம் அழுவார்கள். சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், "அந்தக் காலத்துல நானும் பாப்பாவும் சேர்ந்து விளக்குக்காரனை எத்தனை தடவை முடிச்சிருக்கோம்!" என்று தொடங்கிவிடுவான். சொல்லும்போது அவன் கண் நிஜமாகவே கலங்கும். அதுதான் அவளுக்குப் பொறுக்காது.

அந்தக் கேமுக்கு ரீமேக் வந்தது. சினிமாவுக்கு வருவதுபோலவே அதே கதை, புது மெருகு. குரூப் கொந்தளித்தது. அண்ணன் அவளுக்கும் குரலைப் பதிவு செய்து அனுப்பினான்: "எல்லாத்தையும் கெடுத்துட்டானுங்க பாப்பா. பறவை தானா பறந்து வர்றதுதானே அழகு? இதுல இன்னொருத்தர் அதை நிஜமாவே ஓட்டலாமாம். ஒரிஜினல் ஒரிஜினல்தான்."

கேட்டு முடித்த கையோடு அவள் அந்த ரீமேக்கை வாங்கினாள்.

பழசுதான் நல்லது என்று வாய் கிழியப் பேசுகிறவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பழசில் அவர்களுக்கு ஒரு நல்ல இடம் கிடைத்திருக்கும். கிடைக்காதவர்கள் புதுசு எப்போது வரும் என்று காத்திருப்பார்கள்.

"இந்த வயசுலயா?" என்றார் கணவர்.

"இந்த வயசுலதான் என் கைக்கு வந்திருக்கு."

ஆட்டம் அவளுக்கு வரவே இல்லை. கண்ணுக்கு ஒவ்வொரு பள்ளமும் மனப்பாடம். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. மாலை வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்து விழுந்துகொண்டே இருப்பாள். முதன்முதலாகப் பள்ளத்தில் விழுந்தபோது அவள் கைதட்டியதைப் பார்த்துக் கணவர் பயந்தே போய்விட்டார். அவள் ஆயுளில் விட்ட முதல் உயிர் அது, வேறொன்றுமில்லை.

இதற்கிடையில் டிரைவிங் ஸ்கூல் ஓனருக்கு முட்டி தேய்ந்துபோகவே, அவர் மகனோடு போய் இருந்துவிட முடிவு செய்தார். "ஸ்கூலை நீங்களே எடுத்து நடத்துங்க மேடம். யோசிச்சு ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க," என்றார். அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆசை இருந்தது, பயமும் இருந்தது. அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அம்மாவிடம் சொன்னால் அது அண்ணனிடம் சொன்ன மாதிரிதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் பையும் கையுமாக அண்ணன் வந்து நின்றான். அவள் ஆட்டத்தில் உடைந்த பாலம்வரை வந்திருந்தாள். அதைத் தாண்டினால் கடைசிக் கதவு. ஓனருக்குப் போன் செய்யும் முன் ஒரு முறையாவது தாண்டிவிட வேண்டும் என்று காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"பளபளன்னுதான் இருக்கு. ஆனா களையே இல்லை," என்றான் அண்ணன். விளக்குக்காரன் விழுந்தான். "அய்ய, குடு இங்க. நான் தாண்டிவிட்டுத் தரேன்." கேட்டுவிட்டு வாங்குகிற பழக்கம் அவனுக்கு எப்போதும் இல்லை, பிடுங்கிக்கொண்டான்.

பாதிப் பாலம் சுலபமாகப் போயிற்று. போகிற போக்கில் சொன்னான்: "உங்க ஓனர்கிட்ட பேசிட்டேன் பாப்பா."

"என்ன பேசின?"

"உனக்கு ஒத்துவராதுன்னு. நீ எதுக்கு வேணாம்னு சொல்லிச் சங்கடப்படணும்? காலையிலயே நான் சொல்லிட்டேன்."

"வேணாம்னு நான் உன்கிட்ட சொன்னேனா?"

"சொல்லணுமா? உன்னை எனக்குத் தெரியாதா? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீ தாங்குவியா? விடு, நான் பார்த்துக்கறேன்."

அவள் அவன் கையிலிருந்து ஜாய்ஸ்டிக்கை உருவினாள். விளக்குக்காரன் தலைகுப்புறப் போனான்.

"ஐயோ! செத்துட்டான் பாரு! தாண்டியிருப்பேனே!"

"சாகட்டும். என் உயிரு. நானே விட்டுக்கறேன்."

டீயோடு வந்த கணவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவள் போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், எங்க அண்ணன் காலையில சொன்னது அவர் பேச்சு. இப்ப என் பேச்சைக் கேட்டுக்குங்க. ஸ்கூலை நான் எடுத்து நடத்தறேன்."

"எனக்கு அப்பவே சந்தேகம்தான் மேடம்," என்றார் ஓனர். "பிரேக்கை மிதிச்சாக்கூட வாய்விட்டுச் சொல்ற ஆளு, வேணாம்னாலும் தானே வந்து சொல்லியிருப்பாங்களேன்னு நினைச்சேன். நாளைக்கு வந்து சாவியை வாங்கிக்குங்க."

அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நாளைக்கு இழுத்து மூடுற மாதிரி ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா நான்தான் மூடினேன்னு சொல்லுவேன். இதுவரைக்கும் அதைக்கூட நீ என்னைச் சொல்ல விட்டதில்லை."

அவன் எழுந்தான். செருப்பைத் தேடினான். அவள் அலமாரியிலிருந்து இன்னொரு ஜாய்ஸ்டிக்கை எடுத்து அமுக்கினாள். திரையில் ஒரு மஞ்சள் பறவை வந்து சிறகடித்தது.

"உக்காரு. பறவை நீ."

அண்ணன் முறைத்தான். ஆனால் விளையாட்டைப் பார்த்தால் அவன் கை சும்மா இருக்காது. வாங்கிக்கொண்டான். பழக்கதோஷத்தில் அடியில் தடவிப் பார்த்தான்.

"ஒயர் எங்க?"

"இதுல ஒயரே கிடையாது. மேசைக்கால்ல கட்டவும் முடியாது."

அண்ணனின் காது மடல் சிவந்துபோனது.

"உனக்குத் தெரியுமா?"

"டிவிக்குப் பின்னாடி துடைச்சது யாரு? நான்தானே."

"அப்புறமும் வந்து உக்காந்தியே பாப்பா."

"நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்."

அவன் பட்டனை மெதுவாக அமுக்கினான். பறவை மேலே போயிற்று. விட்டான், இறங்கிற்று.

"நிஜமாவே நான்தான் ஓட்டறேனா?"

"ஆமா. நான் பொய் சொல்ல மாட்டேன்."

விளக்குக்காரன் பாலத்தில் ஏறினான். பறவை முன்னால் போகப் பார்த்தது. திரையின் ஓரத்தில் இடித்துத் திரும்பி வந்தது. விளக்குக்காரன் போகிற வேகம்தான் அதற்கும் வேகம். உடைந்த பலகை வந்தது.

"பாப்பா, இப்ப குதிக்காத! பொறு, பொறு..."

அவள் குதித்தாள். விழுந்தாள். அண்ணன் வாயைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"இப்ப நான் விழுந்தேன்," என்று சொல்லிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.