மெட்டுக்காரரின் ழகரம்

லிஃப்டின் கூரைமேல் நின்றுகொண்டு ஒருவர் பாடிக்கொண்டிருக்கிறார். கீழ்த்தளத்தில் காய்கறிப் பையோடு காத்து நிற்கும் எங்களுக்கு ஆள் தெரியவில்லை. கதவிடுக்கு வழியாகக் குரல் மட்டும் இறங்கி வருகிறது, நடுநடுவே டெஸ்டரின் பிடியால் இரும்புச் சட்டத்தைத் தட்டும் தாளத்தோடு. "அண்ணே, ரிப்பேர் முடியுமா, இல்ல கச்சேரி முடியணுமா?" என்று யாராவது கத்தினால், "பல்லவி முடிஞ்சுது, சரணம் முடியறதுக்குள்ள லிஃப்ட் ஓடிடும்!" என்று மேலேயிருந்து பதில் வரும்.

லிஃப்ட் மெக்கானிக் என்பது சம்பளத்துக்கு. எங்கள் கட்டடத்தில் அவர் பெயர் மெட்டுக்காரர். ஆள் ஒல்லி, சட்டைப் பை மட்டும் குண்டு. டெஸ்டர், கிரீஸ் துடைக்கும் துணி, இரண்டு மூன்று திருகாணிகள், போன் எல்லாம் அந்த ஒரே பையில் குடித்தனம் நடத்தும். மெட்டு தோன்றிவிட்டால் கைவேலையை அப்படியே போட்டுவிட்டுப் போனை எடுத்து அதில் முனகி வைத்துக்கொள்வார். லிஃப்ட் குழிக்குள் முனகினால் எதிரொலியில் யார் குரலும் கம்பீரமாகத்தான் கேட்கும். "வெளியில வந்து போட்டுக் கேட்டாத்தான் சார் நம்ம லட்சணம் தெரியும்" என்று அவரே சிரிப்பார்.

யாருக்காவது பிறந்தநாள், மாற்றல், பிரிவுபசாரம் என்று காதில் விழுந்தால் போதும், பாட்டோடு வந்து நிற்பார். கேட்காதவர்களுக்கும் போட்டுக் கொடுப்பார். உள்ளதைச் சொன்னால் எல்லாம் சுமார் ரகம்தான். எங்கேயோ கேட்ட மாதிரி ஆரம்பித்து நடுவழியில் நின்றுவிடும், எங்கள் லிஃப்டைப் போலவே. "பல்லவி கூப்பிடாமலே வந்துடும் சார். இந்தச் சரணம்தான் லீவு போட்டுடும்" என்பார். லிஃப்ட் ஓட வேண்டுமே என்று நாங்களும் ஆஹா ஓஹோ என்போம்.

அப்படிச் சொல்லாத ஒரே ஆள் அவருடைய அக்கா. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். வலிக்காது என்று சொல்லி ஊசி போடுகிற வழக்கமே அவரிடம் கிடையாது. "வலிக்கும், பொறுத்துக்கோ" என்றுதான் போடுவாராம். தம்பியின் ஒவ்வொரு மெட்டையும் கடைசிவரை கேட்டுவிட்டு, "பரவாயில்லடா" என்பார். அந்தப் 'பரவாயில்ல'வைத் தாண்டி ஒரே ஒரு வார்த்தை அக்கா வாயிலிருந்து வாங்கிவிட வேண்டும். மெட்டுக்காரருக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அக்காவுக்கு ஓய்வு பெறும் வேளை வந்தது. தன் நோயாளிகளைப் பார்த்துச் சொல்வதுபோலச் சில வரிகளைத் தானே எழுதித் தம்பியிடம் கொடுத்தார். "விழாவுல பாடணும். நீதான்டா மெட்டுப் போடணும்." அதில் இரண்டு வரி இப்படி வரும்:

வாசல் தொடும்வரை நீ கடந்த வழி
யாரும் சொல்லாமல் நானறிவேன்

அவ்வளவுதான், மெட்டுக்காரருக்கு எல்லாம் அடைத்துக்கொண்டது. எங்கள் லிஃப்ட் ஒரு பழுதும் இல்லாமலே பலமுறை பழுது பார்க்கப்பட்டது. மேலே தாளம் மட்டும் கேட்டது, பாட்டைக் காணோம். இந்த முறை பல்லவியும் லீவு. கடைசியில் மனிதர் போனில், தானே மெட்டுப் போட்டுப் பாடித் தரும் ஒரு செயலியைத் திறந்து, அக்காவின் வரிகளைத் தட்டி, சோகமாக, மெதுவாக, ஆண் குரலில் வேண்டும் என்று கேட்டார். டீ ஆறுவதற்குள் பாட்டு வந்துவிட்டது. சரணத்தோடு.

"முழுசாக் கேட்டேன் சார். நல்லா இருந்துச்சு. அதான் பிரச்சினையே."

ஒரே இடத்தில் மட்டும் எந்திரத்துக்கு நாக்குச் சறுக்கியிருந்தது. நம் பிள்ளைகளையே படுத்தி எடுக்கும் எழுத்து, அது மட்டும் என்ன செய்யும்? 'நீ கடந்த வழி' என்பதை 'நீ கடந்த வலி' என்று பாடி வைத்திருந்தது. இவர் கவனித்தார். மறுபடி பாடச் சொன்னால் மெட்டு மாறிவிடுமோ என்று பயந்து அப்படியே விட்டுவிட்டார். மெட்டு தன்னுடையது, பாடியது கம்பெனியில் ஒருத்தன் என்று சொல்லி அக்காவுக்கு அனுப்பினார்.

அக்கா போனில் அழுதார். அழுது முடித்துவிட்டுக் கேட்டார்: "நான் வழின்னுதானே எழுதிக் குடுத்தேன்? பாடின பையனுக்கு நாக்குச் சறுக்கிடுச்சா, இல்ல நீயா மாத்தினியா?"

லிஃப்ட் கதவு அகலத் திறந்து நின்ற மாதிரி நேரம் அது. ஓர் எட்டு வைத்து வெளியே வந்திருக்கலாம்.

"நானாத்தான்க்கா மாத்தினேன்."

"இத்தனை வருஷமா அந்த வார்டுல நிக்கறவ, எனக்குத் தோணலயேடா இந்த வார்த்தை! உனக்குள்ள இவ்வளவு இருந்துச்சா?"

'பரவாயில்ல' ஒழிந்தது. அன்றிலிருந்து மெட்டுக்காரர் எங்கள் லிஃப்டில் பாடுவதும் ஒழிந்தது. என்ன ஆச்சு என்று மாடிப்படியில் உட்கார வைத்துக் கேட்டபோதுதான் எல்லாவற்றையும் கொட்டினார்.

"ஊர்ப்பட்ட பாட்டைக் கேட்டு மனசுல போட்டுக் கலக்கித்தான் சார் நானும் மெட்டுப் போடறேன். அதுவும் அதத்தானே பண்ணுது? அப்ப அது போட்டதும் மெட்டுதானே?"

"அதுக்கு அழத் தெரியுமாங்க?" என்றேன், பத்திரிகையில் எழுதுகிற மேதாவித்தனத்தோடு.

"எனக்கு மட்டும் அழுகை வந்துச்சா? மெட்டு வரலயேங்கற கவலையில அக்கா எழுதின வரியை நான் ஒழுங்காப் படிக்கக்கூட இல்ல சார்." கிரீஸ் துணியைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "அது மெட்டா இல்லையான்னு நீங்க பத்திரிகையில சண்டை போட்டுக்குங்க. யாரு போட்டதா வேணா இருக்கட்டும், நான் போடல. அக்கா மூஞ்சியைப் பார்க்கவே கூசுது."

"சொல்லித் தொலைச்சிட்டு நிம்மதியா சாப்பிடுங்களேன்" என்று அவர் மனைவியும் சொல்லிப் பார்த்திருக்கிறார். "ரிடையர் ஆகற நேரத்துல போய், நீ அழுதியே, அது ஒரு தப்பான எழுத்துக்காகன்னு சொல்லச் சொல்றியா?" என்று எரிந்து விழுந்தாராம்.

விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சீருடையைக்கூட மாற்றாமல் பாதி வேலையில் ஓடிவந்த நர்சுகள், கரகரக்கும் ஒலிபெருக்கி. "ரெக்கார்டு வேண்டாம், என் தம்பியே பாடட்டும்" என்று அக்கா உத்தரவு போட்டுவிட்டார். மெட்டுக்காரர் புதுச் சட்டை போட்டிருந்தார். பை ஒட்டிக் கிடந்தது, உள்ளே போன் மட்டும். மேடை ஏறுமுன் என் காதில் சொன்னார்: "மெட்டைத் திருப்பிக் குடுக்க முடியாது சார். அந்த ஒரு எழுத்தையாவது குடுத்துடறேன்."

பாடினார். நடுங்கினாலும் நன்றாகவே பாடினார். அந்த வரி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, நாக்கை நன்றாக மடித்து, 'நீ கடந்த வழி' என்றார். அவ்வளவு சுத்தமான ழகரத்தை நான் சமீபத்தில் கேட்டதில்லை.

முன்வரிசையில் அக்கா சிரித்துக்கொண்டே தலையாட்டினார், இல்லை என்று. "பதட்டத்துல மறந்துட்டான், பாவம்" என்று பக்கத்து நாற்காலியிடம் சொல்லிவிட்டு, தம்பியைப் பார்த்து, நுனி நாக்கை மேல்பல்லில் வைத்துச் சத்தமில்லாமல் சொல்லிக் கொடுத்தார்: "வலி."

அந்த வரி இரண்டாம் முறை வரவேண்டும். வாத்தியம் இல்லாத பாட்டு. அவர் மூச்சு வாங்கியது ஒலிபெருக்கியில் கேட்டது. அக்காவையே பார்த்தபடி 'வலி' என்று பாடினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் கூடமே எழுந்து கைதட்டியது. மெட்டுக்காரர் கும்பிடவில்லை, சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து, வலது கையால் சட்டைப் பையிலிருந்த போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். நெஞ்சைத் தொட்டு நன்றி சொல்கிறார் என்று நினைத்து எல்லோரும் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.