மெராந்திக்கு ஓட்டைக் கூரை

அரசாங்க நாற்றங்கால்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கன்றுக்கு நிழலை எப்போது, எவ்வளவு குறைப்பது, அதற்கு யார் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இதில் முதல் பாதியை எந்தக் கையேட்டிலும் கற்கவில்லை. பால்பற்கள் விழுந்துகொண்டிருந்த வயதில், ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே பார்த்துவிட்டேன்.

அப்பாவின் தங்கையான என் அத்தைக்குத் தோட்டத்து நாற்றங்காலில் வேலை. ஓடைக்கரையில் நடுவதற்காகத் தோட்ட நிர்வாகியான துரை காட்டிலிருந்து மெராந்தி என்னும் பெருமரத்தின் கன்றுகளை வரவழைத்து, அத்தையின் பொறுப்பில் விட்டார். ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் கங்காணிக்கு அது பிடிக்கவில்லை. அத்தையின் இடத்தில் தன் மருமகளை வைக்க அவர் வெகுநாளாக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏ புள்ள, கன்னு செத்துச்சுன்னா நீ மறுபடி மலையேறிக் கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான் லா,” என்றார் சிரித்துக்கொண்டே. அத்தையின் முழங்கால்கள் மலையேற ஒத்துழைப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தன.

தேயிலைக் கன்றுக்கு நிழலாகப் பாத்தியில் பெரணித் தழையைக் குத்தி வைப்பார்கள். வேர் பிடித்ததும் தழையை வரிசை வரிசையாகப் பிடுங்கி வெயிலுக்குப் பழக்குவார்கள். அத்தை மெராந்திக்கும் அதையே செய்தாள். தேயிலை வெயிலைக் கண்டால் நிமிரும். மெராந்தியோ வெளிறி, ஓரம் கருகி, இலையைத் தொங்கப் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு, அந்தக் கன்றுகள் பிறந்த காட்டுக்குள் போய் உட்கார்ந்தாள். என்னை அட்டை கடித்ததை முறைப்படி அறிவித்தும் அவள் எழுந்திருக்கவில்லை. உச்சியில் இலைகள் அசைய, கீழே இருட்டில் வெயில் பொட்டுப் பொட்டாகக் கன்றுக்குக் கன்று நகர்ந்தது.

“இம்புட்டு வெயிலு போதுமா அத்தை?”

“சட்டிச் சோத்த ஒரேயடியா வாயில கொட்டுனா நீ திம்பியா? வாய் வாயா ஊட்டுனாத்தானே எறங்குது.”

மறுநாளே மூங்கிலைப் பிளந்து, இடைவெளி விட்டுப் பின்னி, பாத்திக்கு மேலே உயரமாகக் கட்டினாள். கங்காணி வந்து அண்ணாந்து பார்த்தார்.

“மழையும் ஒழுகும், வெயிலும் ஒழுகும். இது கூரையா, சல்லடையா?”

“ரெண்டுந்தாண்ணே.”

நிழலில் வளர்ந்த இலை, முதல் பொட்டு வெயில் பட்டதும் விழித்துக்கொள்ளச் சற்று நேரம் எடுக்கும். விழித்திருக்கும்போதே அடுத்த பொட்டு வந்தால் உடனே உணவு சமைக்கத் தொடங்கிவிடும். இதைப் பின்னாளில்தான் படித்தேன். நான் வேலை பார்த்த அலுவலகங்களில் இரண்டாவது பொட்டுக்கும் விழிக்காதவர்கள் உண்டு.

துரை பார்க்க வந்தபோது கன்றுகள் துளிர்த்திருந்தன.

“பாகுஸ்! ரொம்ப நல்லாருக்கே! யாரு ஐடியா இது?”

கங்காணி தொப்பியைக் கழற்றினார். “நாந்தான் போடச் சொன்னேன் துரை.”

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாமல், “ஆமாங்க துரை, கங்காணி சொல்லித்தான்,” என்றாள்.

“அப்ப இனிமே வர்ற கன்னுக்கெல்லாம் கங்காணியே போடட்டும்,” என்று துரை கிளம்பிவிட்டார்.

வீடு வரும்வரை நான் அத்தைக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். அவள் ஒரு பயந்தாங்கொள்ளி என்று முடிவு கட்டியிருந்தேன்.

அடுத்த லோரியில் இன்னும் கன்றுகள் வந்தன. வெயில் ஒழுகக் கூடாதென்று கங்காணி முதலில் நெருக்கமாகக் கூரை வேய்ந்தார். கன்றுகள் வளராமல் அப்படியே நின்றன. பயந்துபோய்ப் பாதிக் கூரையைப் பிரித்தார், இலைகள் வெந்தன. துரை மறுபடி வருகிறார் என்று சேதி கிடைத்த சாயங்காலம், அவர் எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்றார்.

“தங்கச்சி, அந்தப் பாத்திய நாளைக்குக் கொஞ்சம் பாக்குறியா?”

“நாளைலேருந்து ஒங்க மருமக வருதுன்னாங்களே, அண்ணே.”

“அது எதுக்கு லா? நீ இருக்கயில வேற ஆளு எதுக்கு? எப்பவும் நீயே பாத்துக்க.”

அத்தை தலையாட்டிவிட்டு உள்ளே வந்து, அடுப்புப் பக்கம் திரும்பி, தோள் குலுங்கச் சிரித்தாள். தன் யோசனையைத் திருடியவருக்கே ஒத்தாசை செய்யப் போகிறவள் எதற்காகச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கோபத்தில் அவள் சுட்ட தோசையைப் பாதியோடு தள்ளிவைத்தேன். அதையும் அவளே சிரித்துக்கொண்டு தின்றாள்.