காலரைப் பிடிக்க ஓர் ஆள்

அபுதாபியிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பியபோது என் பெட்டியில் பாதி இடத்தைக் கனத்த வெள்ளைத் துணிதான் அடைத்திருந்தது. திருவனந்தபுரத்தில் பெட்டியைச் சோதித்தவன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கராத்தேயா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இது பிரேசிலியன் ஜியு-ஜிட்சு தம்பி, அடி கிடையாது, உதை கிடையாது, தரையில் கிடந்து ஒருவரை ஒருவர் அமுக்கிப் பிடித்துக் கையை மடக்கி, கழுத்தை இறுக்குவதுதான் ஆட்டம் என்று விளக்கியிருக்கலாம். நரைத்த தலைக்கு இது தேவையா என்று அவன் பார்த்திருப்பான். அதையும் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அங்கே நான் நர்ஸ். கல்யாணம் ஆகவில்லை. அது ஏன் என்பது தனிக் கதை, அதைச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கூட வேலை பார்த்தவள் ஒருத்தி, வா சும்மா என்று பெண்கள் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதல் நாளே ஒரு சிரியாக்காரி என் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்து, காலருக்குள் இரண்டு கையையும் விட்டு இறுக்கினாள். மூச்சு முட்டியது. பிடி தாங்கவில்லை என்றால் எதிராளியின் மேல் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், உடனே விட்டுவிடுவார்கள். தட்டினேன், விட்டாள், கையைக் கொடுத்து எழுப்பினாள். அன்று ராத்திரி சின்னப் பிள்ளைபோலத் தூங்கினேன். நர்ஸ் வேலையில் நாள் முழுக்க நான்தான் மற்றவர்களைத் தொடுவேன், என்னை யாரும் தொடுவதில்லை. ஓர் ஆளின் முழுக் கனமும் என்மேல் விழுந்தது அந்த வகுப்பில்தான். இதைப் படித்துவிட்டு வேறு மாதிரி நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

என் வீடு மண்டைக்காட்டுப் பக்கம். நான் அனுப்பிய பணத்தில் அண்ணன் நின்று கட்டியது. மதிலுக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீடு. நான் வந்து குடியேறிய நாளிலிருந்து அண்ணன் மனைவி, எங்கள் வழக்கில் மைனி, என்னிடம் சரியாகப் பேசவில்லை. பகையென்றும் சொல்ல முடியாது. நல்ல மீன் கிடைத்தால் மதில் மேல் ஒரு கிண்ணம் வைப்பாள். அதில் கறி இருக்கும், பேச்சு இருக்காது.

நாகர்கோவிலில் ஒரு மாடியில் இந்த வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். சொல்லிக்கொடுப்பவன் பெங்களூரில் படித்து வந்தவன், நல்ல பையன். படிப்பவர்கள் எல்லாரும் ஆண்கள். யாருக்கும் கீ கிடையாது. கீ என்பதுதான் என் பெட்டியில் வந்த அந்தத் தடித்த கோட்டும் கால்சட்டையும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதைப் போட்டால் உடம்பு வெந்துபோகும், மழைக்காலத்தில் வாரமானாலும் காயாது. அதனால் அவர்கள் ட்ரவுசரும் ஒட்டினாற்போல ஒரு பனியனும்தான். எனக்குக் கீ வேண்டும். அதில் பிடித்துக்கொள்ள இடம் உண்டு. காலர், கை, முட்டி என்று எங்காவது துணியைப் பற்றிக்கொண்டால் ஆட்டம் நிதானப்படும், என் வயதுக்கும் ஒரு வழி பிறக்கும். கீ இல்லாவிட்டால் வியர்வையில் வழுக்கி வழுக்கி ஓடுவதே ஆட்டம்.

பையன்கள் மரியாதைக்காரர்கள். சனியன் பிடித்த மரியாதை. அக்கா, அக்கா என்று எனக்கு விசிறியைத் திருப்பி வைப்பார்கள், தண்ணீர் எடுத்துத் தருவார்கள். என்னோடு ஆட வந்தால் மட்டும் சட்டைக் கையின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொள்வார்கள். ஒரு பெண்ணின் காலருக்குள் கை விடுவதற்கு எவனுக்கும் மனசு வரவில்லை. நான் அவர்கள் காலில் கை வைத்தாலே பொத்தென்று விழுந்தார்கள். இறுக்க ஆரம்பிக்கும் முன்பே தட்டினார்கள். சரி, கீதான் தடையோ என்று நானும் பனியன் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். அன்று மொத்த வகுப்பும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. சொல்லிக்கொடுப்பவனிடம் கேட்டேன். எல்லாருக்கும் அம்மா ஞாபகம் வருது அக்கா என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

ஒரு கை தட்டினால் ஓசை வருமா? இந்த ஆட்டத்துக்கு இன்னொரு உடம்பு வேண்டும். கடைசியில் வீட்டில் ஒரு பஞ்சு மெத்தையைச் சுருட்டிக் கட்டி, அதற்கு என் இன்னொரு கீயைப் போட்டுவிட்டு, அதோடு கிடந்து புரண்டேன். மெத்தை எனக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. அழுகை வந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் மைனி வந்தாள். நைட்டிக்கு மேல் தோளில் துவர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"ஒனக்க அண்ணன் சொல்லச் சொன்னாரு. அங்க இனிப் போவண்டாம்."

ஏன் என்று கேட்டேன். சின்னப் பயல்கள் எல்லாம் என்மேல் கிடப்பதாகக் கடைத்தெருவில் பேச்சாம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"கெடந்தாத்தான் நல்லாயிருக்குமே மைனி. ஒருத்தனும் தொடமாட்டேங்கான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. மைனி உள்ளே வந்தாள். கோட்டுப் போட்டுக் கிடந்த மெத்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, அப்படி என்னதான் செய்வீர்கள் என்று கேட்டாள்.

நான் கீயை மாட்டிக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்தேன். வயிற்றின் மேல் உட்காரச் சொன்னேன். நான் தட்டினால் விட்டுவிட வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன். காலருக்குள் நாலு விரலையும் விடுங்கள் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அவள் கை என் பிடரிவரை போய்விட்டது. குழாயடியில் குடத்தைப் பிடிப்பதுபோல ஒரு பிடி. மற்றக் கையையும் காட்டிக்கொடுத்து, இனி இழுங்கள் என்றேன்.

முதலில் விளையாட்டாகத்தான் இழுத்தாள். பிறகு அவள் முகம் மாறியது. முழங்கை இறங்கியது. நான் சொல்லித்தராததை எல்லாம் அவள் கோபம் செய்தது.

"எனக்க மவனுக்குன்னு நெனச்ச வீடு, ஏட்டி," என்றாள் என் காதுக்குப் பக்கத்தில். "நீ வந்து இருந்துகிட்ட. ஒத்தைக்கு எதுக்குட்டி ஒனக்கு இவ்வளவு பெரிய வீடு?"

பதில் சொல்லத் தொண்டை அவள் கையில் இருந்தது. கண்ணோரத்தில் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போதே தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. ஊருக்கு வந்தபிறகு ஒருவர் தன் முழுப் பலத்தையும் என்மேல் வைத்தது அன்றைக்குத்தான். எனக்காக மிச்சம் பிடிக்காமல், பார்த்து நடக்காமல், நான் இருக்கிறேன் என்பதை ஒப்புக்கொண்டு ஒரு பிடி. முடியாத நிலைக்கு வந்ததும் அவள் முதுகில் தட்டினேன்.

உடனே விட்டுவிட்டாள். நான் இருமினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து துவர்த்தால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மகன் எங்கே வரப்போகிறான், பெங்களூரிலேயே வீடு பார்த்துவிட்டான் என்றாள். போனில்கூட அவசரமாகப் பேசுகிறானாம். என் கழுத்தில் சிவந்திருந்த இடத்தில் தேங்காயெண்ணெய் தடவினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. அது வெறும் உடற்பயிற்சிதான், போகட்டும் விடுங்கள் என்று அவளே அண்ணனிடம் பேசி முடித்தாள். கறிக் கிண்ணத்தை மதிலில் வைக்காமல் வீட்டுக்குள் கொண்டுவந்து, உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாள். நான் சில நாள் பொறுத்தேன். ஒரு சாயங்காலம் அவள் வந்தபோது பாயை விரித்துக் கீயை மாட்டிக்கொண்டு, வாங்க மைனி, ஒருக்காப் பிடிங்க என்றேன்.

அவள் நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவில்லை.

"வேண்டாம் மக்கா. ஒனக்கு நோவும்."

நோவட்டும் என்றேன். அவள் சிரித்தாள். எழுந்து வந்து என் தலையை ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டு, உலை வைக்க வேண்டும் என்று கிளம்பிப் போனாள். அவளுக்கு என்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது. இனி அவளும் என்னை நோகடிக்க மாட்டாள்.