அம்பலவாணன் போட்ட சொதிக் கணக்கு

“சன்னலைக் கழிச்சியாலே?”

கேட்டுக்கொண்டே அம்பலவாணன் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, ஒரு அட்டைத் துண்டில் நீளத்தையும் உயரத்தையும் பெருக்கத் தொடங்கிவிட்டார். இரண்டு அறைக்குப் பெயிண்ட் வாங்க வந்த பெருமாள்ராஜ் தலையைச் சொறிந்தான். “அதெல்லாம் கழிக்கல அண்ணாச்சி. ஒரு இருபது லிட்டர் குடுங்களேன்.” அண்ணாச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “குத்துமதிப்பா அள்ளிக்கிட்டுப் போக இது என்ன கத்திரிக்காயாலே? வீட்டுக்குப் போயி சன்னல், கதவு எல்லாம் அளந்துட்டு வா!” விற்க உட்கார்ந்திருக்கிற மனிதர் வாங்க வந்தவனைத் திருப்பி அனுப்புவது அம்பாசமுத்திரத்தில் இந்த ஒரு பெயிண்ட் கடையில்தான் நடக்கும்.

மிச்சம் வந்தால் அவருக்குப் பிடிக்காது. குறைந்தால் கேட்கவே வேண்டாம். “தெரிஞ்சதை ஒரு பக்கம் வையி, தெரியாதது மறுபக்கம் தானா வந்து நிக்கும்” என்பார். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கில் பாதியைப் பரீட்சையோடு மறந்துவிட்ட நமக்கெல்லாம் நடுவே, எட்டாம் வகுப்புச் சமன்பாட்டை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் குடும்பமே நடத்துகிறார். காலையில் மோட்டாரைப் போட்டதும் தொட்டி எப்போது நிறையும் என்று சொல்லிவிடுவார். நடுவில் அவர் மனைவி நீலாம்பாள் துணி அலசக் குழாயைத் திறந்தால் போச்சு. “ஒரு வார்த்தை சொல்லப்படாதா? கழிச்சிருப்பேன்லா!” என்று மாடியிலிருந்து சத்தம் வரும்.

போன ஆவணியில் மகள் விஜயஸ்ரீக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சிவகணேஷ், பாளையங்கோட்டை. மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டில் தேங்காய்ப்பால் குழம்போடு சொதி விருந்து. கல்யாணச் சாப்பாட்டில் குறை என்றால் மண்டபத்துச் சமையல்காரர் தலையில் போட்டுவிடலாம். சொதியில் குறை என்றால் பெண்ணைப் பெற்றவர் தலையில்தான் விடியும். பெண் அதைக் காலம் பூராவும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அம்பலவாணனுக்கு அந்தப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் அவர் கணக்குப் போடுவார்.

சம்பந்தி குமரகுருபரனுக்கு முந்தின நாளே போன் போட்டார். “எங்க ஆளுக முப்பத்தெட்டு பேரு வாறோம் சம்பந்தி.” பென்சில் காதிலிருந்து இறங்கியது. அவர்கள் முப்பத்தெட்டு. நம் வீட்டில் பதினைந்து. விஜயஸ்ரீ போய்விட்டாள், பதினான்கு. ஆக ஐம்பத்திரண்டு. நாலு பேருக்கு ஒரு தேங்காய் என்றால் பதின்மூன்று. மிச்சமே இல்லாமல் வகுபட்டதும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று.

“கூட ரெண்டு தேங்காய் உடைச்சா என்ன கொறைஞ்சா போவீங்க?” என்றாள் நீலாம்பாள்.

“பைய இரு. கணக்குல அதுக்கு எங்க எடம்?”

இலையும் அப்படியே, தலைக்கு ஒன்று. நாற்காலி முதல் பந்திக்கு எண்ணி முப்பத்தெட்டு.

வேன் வந்தது. சந்தனம், கல்கண்டு, சிரிப்பு. முதல் பந்தியில் முப்பத்தெட்டு இலை விரித்தாயிற்று. தேங்காய்ப்பாலும் இஞ்சியும் கொதிக்கிற மணத்தில் வந்தவர்கள் ஒருவர் விடாமல் உட்கார்ந்தார்கள். நாற்காலி கச்சிதம். அம்பலவாணன் மீசைக்குள் சிரித்துக்கொண்டு நிமிர்ந்தார். மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் அவன் தங்கை, இடப்பக்கம் அவன் அத்தை. அவர்களுக்குப் பின்னால் புதுப்பட்டும் மஞ்சள் கயிறுமாக, எங்கே உட்காருவதென்று தெரியாமல் விஜயஸ்ரீ நின்றுகொண்டிருந்தாள்.

அவர் நாற்காலிகளை மறுபடியும் எண்ணினார்.

“ஏம்மா, நீ உக்காரலையா?” என்ற சம்பந்தி, வரிசையைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். “அடடா! உங்க வீட்டுப் புள்ளைய நீங்க சேத்திருப்பீங்கன்னுல்லா நான் எண்ணாம வுட்டுட்டேன்!”

அம்பலவாணன் மகளைப் பார்த்தார். இந்த வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை. ஒரு பக்கத்தில் கழித்தவர் மறுபக்கத்தில் கூட்டவில்லையே! அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் அவளை நடுவில் நிறுத்திவிட்டாரே!

“சித்த தள்ளி உக்காருங்கம்மா” என்று நீலாம்பாள் அத்தையை நகர்த்தி, அடுக்களையிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். இரண்டாம் பந்திக்கு வைத்திருந்ததில் ஒரு இலையை அம்பலவாணனே எடுத்துவந்து விரித்தார். தண்ணீர் தெளித்துத் துடைத்தார். சோறு விழுந்ததும், பரிமாறுகிறவர் கையிலிருந்த சொதி வாளியையும் கரண்டியையும் வாங்கிக்கொண்டார்.

ஒரு கரண்டி விட்டார். இன்னொன்று. இன்னொன்று.

“போதும்ப்பா” என்று விஜயஸ்ரீ இலைக்கு மேல் கையை விரித்துத் தடுத்தாள். “இன்னும் எல்லாருக்கும் ஊத்தணும்லா?”

சொதி இலையின் விளிம்பைத் தாண்டி மேசையில் ஓடியது. அவர் அவள் கையைப் பைய விலக்கிவிட்டு, கரண்டியை மறுபடியும் வாளிக்குள் விட்டார்.