குமிழைக் குறைக்க மறந்தேன்

அக்காவுக்குக் குழந்தை பிறந்த துடக்குத் தீட்டால் நாங்கள் கோயில் தேருக்குப் போகவில்லை. நேரலையையாவது நல்ல சத்தத்தில் கேட்போம் என்று, டிவியின் டிஜிட்டல் ஒலியை மாற்றித் தரும் சிறு பெட்டியொன்றை வாங்கி, அப்பாவின் பழைய அம்பிளிபயரில் இணைத்தேன். சத்தமே வரவில்லை.

"வயர் பிழையோ பிள்ளை?" என்றார் அப்பா.

"எங்கடை வீட்டிலை கம்பஸுக்குப் போய்ப் படிச்சது நான்தானே, விடுங்கோப்பா" என்று ஒலிக் குமிழை முழுதாகத் திருப்பினேன். அப்போதும் இல்லை. பிறகுதான் டிவியின் ஒலி அமைப்பைப் அந்தப் பெட்டிக்குப் புரியும் 'பிசிஎம்' என்பதற்கு மாற்றினேன். குமிழைக் குறைக்க மறந்துவிட்டேன்.

தவில் இடிபோல வெடித்தது. ஸ்பீக்கருக்கு முன்னால் குழந்தையைக் கிடத்தியிருந்த பாயைப் பதறிப்போய்ப் பார்த்தேன். வெறும் பாய். சற்று முன்புதான் அக்கா பால் கொடுக்கத் தூக்கியிருந்தாள்.

"கம்பஸ் சித்தி, பிள்ளையின்ரை காது போயிருக்குமடி!" என்று அறைக்குள்ளிருந்து கத்தினாள்.

பாய்ந்துபோய்க் குமிழைக் குறைத்தேன்.

இப்போது எந்த வயரைத் தொட்டாலும் முதலில் குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்புகிறேன். அதற்கும் முன், பிள்ளை எங்கே என்று கேட்கிறேன்.