பாதி அண்டா

போன வாரம் செஞ்சி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பாத்திரக் கடையில் ஒரு வெண்கலப் பானையைச் சுண்டிக் காட்டினார் கடைக்காரர். அந்த 'ணங்' அடங்குவதற்குள் "வேணாங்க" என்று வெளியே வந்துவிட்டேன். என் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தி நாலு வயது. திருவண்ணாமலை ரோட்டில் ஒரு காயலாங்கடையில் உலோகம் தரம் பிரிக்கிற வேலை. செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, அடித்தால் மடங்கும். வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம், நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கும். கணீரென்று பேசும், ஓங்கி அடித்தால் சில்லுசில்லாகத் தெறிக்கும். இவ்வளவுதான் பாடம். அரம் போட்டு உரசிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர். பெரிய விஞ்ஞானி!

ஒரு நாள் காலையில் பக்கத்து ஊர் விவசாயி அந்தோணி அண்ணன் சாக்குமூட்டையோடு வந்தார். அதை இறக்கி வைப்பதற்குள் அவர் ஊர்க்காரர்கள் இருபது பேர் பின்னாலேயே பாய்ந்து வந்தார்கள். அவர்களுடைய மாதா கோயில் மணி அன்றைக்குத்தான் களவு போயிருந்தது.

"மணிய ஒடச்சி மூட்ட கட்டினு வந்துட்டாண்டா!"

"ஐயோ, இது எங்கம்மா அண்டாடா! எம் பங்குடா!" என்று கத்தினார் அவர். யார் காதில் வாங்கினார்கள்?

ஒருவன் என் சட்டையைப் பிடித்து உலுக்கினான். "நீ சொல்றா. இது இன்னா?"

மூட்டைக்குள் எட்டிப் பார்த்தேன். வெள்ளையாக மின்னியது. "வெண்கலந்தான்" என்றேன்.

அவ்வளவுதான். முதல் அறை அந்தோணி அண்ணன் செவிட்டில் விழுந்தது. விழுந்தவரை ஏறி மிதித்தார்கள். எங்கள் கடை எடைக்கல்லை எடுத்தே இடுப்பில் போட்டான் ஒருவன். ரத்தத்தோடு ஒரு பல் என் காலடியில் வந்து விழுந்தது. மூட்டை கிழிந்து தகடுகள் சிதறின. அப்போதுதான் கண்ணில் பட்டது: கோடாலி பட்ட ஓரமெல்லாம் மடங்கியிருந்தது. வெண்கலம் எங்கேயாவது மடங்குமா? நான் பார்த்த வெள்ளை, அண்டாவுக்கு உள்ளே பூசின ஈயம்.

"விடுங்கடா, பித்தளடா! பித்தள!" என்று அலறினேன். ஒருத்தனும் நிறுத்தவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் அவருடைய தம்பி சூசை நின்றிருந்தான். முந்தின நாள் பாகம் பிரிக்கும்போது, அந்த அண்டா யாருக்கு என்று அண்ணனும் தம்பியும் கட்டிப் புரண்டு, கடைசியில் கோடாலியால் ஆளுக்குப் பாதியாகப் பிளந்திருக்கிறார்கள். மறுபாதி அவன் வீட்டில்தான் இருந்தது. வாயைத் திறக்கவில்லை, பாவி. ஆனால் அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பத்து நாள் கழித்து மணி ஒரு பாழுங்கிணற்றில் கிடைத்தது. அந்தோணி அண்ணனுக்கு இடது காது போனது போனதுதான்.

ஒருமுறை சந்தையில் அவர் பக்கத்தில் போய், "என்ன மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன். கேட்காத பக்கம் நின்றுவிட்டேன். அவர் நல்ல காதை என் பக்கம் திருப்பி, "இன்னா சொன்ன தம்பி?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணே. சாப்டீங்களா?"

இப்போது காயலாங்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. மாதா கோயில் மணிச்சத்தம் ஸ்பீக்கரில் வருகிறது. அந்த நல்ல காதும் போன தை மாசம் மண்ணுக்குள் போய்விட்டது.