மிச்சமிருந்த நாற்பத்தொரு கிலோ

கிளீட்டஸ் தன் பழைய ஸ்டார்லெட் காரைப் பத்து தீகா ஓடுதளத்தில் நடக்கும் கார்ப் பந்தயத்துக்காக இளைக்க வைத்தது 1995இல். அந்த ஆறு மாதமும் பக்கத்து வீட்டிலிருந்த எங்களுக்கே நிம்மதி இல்லை. அவர் மனைவி பிரிஜிட் எப்படித்தான் பொறுத்தாரோ! கழற்றிய பின்சீட்டு ஹாலில் கிடந்தது. போனவர்களெல்லாம் அதில்தான் உட்கார வேண்டும். கார்ப்பெட், ரேடியோ, உதிரிச் சக்கரம் என்று எதைக் கழற்றினாலும், கோலா சுங்கை பாரு ஊர் மீன்காரரிடம் கேட்டு வாங்கி வந்த தராசில் நிறுத்து, எடையைச் சுவரில் எழுதுவார்.

கடைசியில் கூட்டிப் பார்த்து, "நாப்பத்தோரு கிலோ கொறஞ்சிருச்சு லா!" என்று கத்தினார். அந்தச் சந்தோஷத்தில் தானும் தராசில் ஏறினார். தொண்ணூற்றாறு காட்டியது.

புக்கிட் ரம்பாய் ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பிரிஜிட், அவரை இறங்கச் சொல்லிவிட்டுத் தான் ஏறினார். ஐம்பத்தைந்து.

"உங்கள எறக்குனா இன்னொரு நாப்பத்தோரு கிலோ போயிரும். நானே ஓட்டுறேன்," என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பிரிஜிட் சிரிக்கவில்லை.

நான்காம் நாள் கிளீட்டஸ், தன் கால் நீளத்துக்கு அளவெடுத்துப் பொருத்தியிருந்த டிரைவர் சீட்டைக் கழற்றி, ஒரு சாண் முன்னால் தள்ளி முடுக்கினார்.

"ஏறி உக்காரு," என்றார் மனைவியிடம். "பிரேக் எட்டுதா பாரு."